1 லிட்டர் போத்தலை முழுசாக ஊற்றிவிட்டேன்: ஹோண்டா இஎக்ஸ்5, முதல் முறை மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றியது

பிறை_பி_ஸ்டிக்கர்
சனி, மாலை 6.12

எல்லாருக்கும் வணக்கம். பி2 (மோட்டார் சைக்கிள்) லைசன் எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது. மாமா ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார்பரேட்டர் இஎக்ஸ்5 இப்போது என் கையில். தினமும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் போய் வருகிறேன்.

இன்று பசியாறிவிட்டு வந்து, நானே மின்யாக் ஹித்தாம் மாற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வீடியோவில் பார்த்த மாதிரியே அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, பழையதை வடிய விட்டு, போல்ட்டைப் போட்டு, புதுசை ஊற்றினேன். கடையில் வாங்கியது 1 லிட்டர் போத்தல். ஒரு போத்தல் என்றால் ஒரு தடவைக்கு என்று நினைத்து கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிட்டேன். இப்போது அளவுக் குச்சியைப் பார்த்தால் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. தாமானை (குடியிருப்பை) சுற்றி ஒரு ரவுண்டு போனேன். எஞ்சின் கனமாக இழுக்கிறது, பின்னால் லேசாகப் புகையும் வருகிறது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். அப்படியே ஓட்டலாமா?


இரவு_ஷிப்ட்_அக்கா
சனி, மாலை 6.40

தம்பி, ஓட்டாதே. சாவியை எடுத்து உள்ளே வை.

உன் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றும்போது போக வேண்டியது 0.7 லிட்டர். கார்பரேட்டருக்குப் பதில் ஊசி பம்ப் (இன்ஜெக்‌ஷன்) வைத்த புது மாடலுக்கு வேறு அளவு, அதனால் வேறு யாராவது இதைப் படித்தால் உங்கள் கையேட்டைப் பாருங்கள். போத்தல் 1 லிட்டர் வருவது கடைக்காரன் வசதிக்கு. உன் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன், அதனால் வெட்கப்படாதே.

அளவுக்கு மேல் போனால் உள்ளே சுற்றுகிற சாமான்கள் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். மோர் கடைகிற மாதிரி நுரைக்கும். எஞ்சின் கனமாக இருப்பதற்கு அதுதான் காரணம். உள்ளே அழுத்தம் ஏறி, காற்றுப் போகும் சின்னக் குழாய் வழியாக எண்ணெய் ஏர் பில்டர் பெட்டிக்குப் போய்விடும். அங்கிருந்து கார்பரேட்டர், அப்புறம் புகை. அந்தப் பெட்டியைத் திறந்து பார், பஞ்சு நனைந்திருந்தால் மாற்ற வேண்டியிருக்கும்.

எடுப்பது சுலபம். மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி, முனையில் மீன் தொட்டிக் குழாயைச் சொருகி, குச்சி ஓட்டை வழியாக உறிஞ்சி எடு. கொஞ்சம் கொஞ்சமாக எடு, குச்சியைப் பார், மறுபடி எடு. அடி போல்ட்டைத் தளர்த்தி வடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் தடவைக்காரன் அதைச் செய்தால் போல்ட் கையை விட்டுப் போகும், மொத்த எண்ணெயும் போகும்.

ஒரு கேள்வி. பழைய எண்ணெய் எவ்வளவு வந்தது?


பெங்கேலே_போதும்
சனி, இரவு 7.05

25 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் பெங்கேலில் (பட்டறையில்) பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறான். எண்ணெய் விலையும் கூலியும் அதிலேயே அடக்கம். இதற்குப் போய் ஞாயிறு முழுக்க சிரிஞ்ச் வைத்து விளையாடிக்கொண்டு… என்னமோ போங்கள்.


பிறை_பி_ஸ்டிக்கர்
சனி, இரவு 8.30

அக்கா, ரொம்ப நன்றி. சிரிஞ்ச் கிடைத்தது. சொன்ன மாதிரியே 300 மில்லிக்குக் கொஞ்சம் கூட எடுத்துவிட்டேன், இப்போது குச்சியில் மேல் கோட்டில் நிற்கிறது. பஞ்சு ஒரு மூலையில் மட்டும் நனைந்திருந்தது.

பழைய எண்ணெயை வேறொரு காலிப் போத்தலில் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்தில் அளவு போட்டிருக்கிறது. 350 மில்லி. சூட்டில் ஆவியாகிக் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். குறைவா?


மாக்மண்டின்_ஸ்பானர்
சனி, இரவு 8.52

குறைவாவா? தம்பி, அதிகமாக ஊற்றியதைப் பற்றி நீ கேட்கிறாய். நான் அந்த 350-ஐப் பற்றிக் கேட்கிறேன்.

மாக் மண்டினில் இருபத்தொரு வருடம் பெங்கேல் வைத்திருந்தவன் நான். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, மூடிவிட்டேன். 0.7 போக வேண்டிய எஞ்சினில் 350 என்றால் பாதி. பாதி எண்ணெயோடு நீ தினமும் பாலம் ஏறியிருக்கிறாய். பாலம் மட்டுமே 13.5 கிலோமீட்டர். பெரும்பகுதி சமதளம், சிக்னல் கிடையாது, கடல் காற்று எதிரே அடிக்கும், நீயும் திராட்டலை விட்டிருக்க மாட்டாய்.

எண்ணெய் குறைந்தால் முதலில் அடி வாங்குவது மேலே, சிலிண்டர் தலையில் வால்வுகளைத் திறக்கும் தண்டு, கேம்ஷாஃப்ட். பம்ப் அடியிலிருந்து உறிஞ்சி அங்கேதான் கடைசியாக அனுப்புகிறது. டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரிச் சத்தம் வரும். அதற்கும் மேல் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஆவியாவது என்பது உண்டு, ஆனால் அது பாதியைத் தின்னாது. ஒன்று எரிகிறது, இல்லை ஒழுகுகிறது. மாமா கடைசியாக எப்போது மாற்றினார், எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? நீ வாங்கிய பிறகு ஒரு தடவையாவது குச்சியைப் பார்த்தாயா?


பிறை_பி_ஸ்டிக்கர்
சனி, இரவு 9.10

பார்த்தேன் அண்ணே. இரண்டு தடவை. துடைத்து, உள்ளே விட்டுத் திருகி, எடுத்துப் பார்த்தேன். கீழ்க் கோட்டில் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மாமா மாற்றி 3000 கிலோமீட்டர் இருக்கும் என்கிறார்.


மாக்மண்டின்_ஸ்பானர்
சனி, இரவு 9.24

அங்கேதான் விஷயம். உன் மோட்டாரில் குச்சியைத் திருகக் கூடாது.

டபுள் ஸ்டாண்ட் போட்டு, தரை சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்து. சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓட விடு, அணை, இரண்டு மூன்று நிமிடம் பொறு. மேலே ஏறிய எண்ணெய் கீழே இறங்க வேண்டும். குச்சியை எடுத்துத் துடை. திரும்ப விடும்போது மரை தொடங்கும் இடத்தில் சும்மா உட்கார வை. திருகாதே. எடு, பார்.

திருகினால் குச்சி மரையின் உயரத்துக்குக் கீழே இறங்கும். இல்லாத எண்ணெய் இருக்கிற மாதிரிக் காட்டும். நீ கீழ்க் கோட்டில் பார்த்தாயே, உண்மையில் அது குச்சியின் நுனியைக்கூடத் தொட்டிருக்காது.


ஜெலுத்தோங்_ஒய்15
சனி, இரவு 10.01

அண்ணே மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓட்டும்போது குச்சி திருகித்தானே இருக்கிறது? அப்படியென்றால் அளக்கும்போதும் திருகித்தான் அளக்க வேண்டும். என் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.


மாக்மண்டின்_ஸ்பானர்
சனி, இரவு 10.15

ஓட்டும்போது அது மூடி. அளக்கும்போது அது அளவுகோல். கோடு எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்தவன் எப்படி வைத்து அளந்தானோ அப்படித்தான் நீயும் அளக்க வேண்டும். திருகித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லும் மாடல்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. உன் கையேட்டில் படம் போட்டிருக்கும். நண்பர்களைக் கேட்காதே, அதைக் கேள்.


ஜெலுத்தோங்_ஒய்15
சனி, இரவு 10.48

கையேட்டைத் தேடி எடுத்தேன். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. திருகாதே என்றுதான் இருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாளாகக் குறைவாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.


நிபோங்திபால்_கப்சாய்
சனி, இரவு 11.20

இந்தப் பேச்சைப் படித்ததும் என் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. பாலத்துக்கு மோட்டார்களும் டோல் கட்டிக்கொண்டிருந்த காலம். 2019 பிறந்த பிறகுதான் நமக்கு இலவசம் ஆனது. தீவிலிருந்து ராத்திரி வேலை முடிந்து வருகிறேன். பாலத்தின் நடுப்பகுதி, மேடு முடிந்து இறங்கும் இடம். எஞ்சின் ஒரு முனகல் முனகியது, அடுத்த விநாடி பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச் பிடிக்க இஎக்ஸ்5-இல் கைப்பிடியும் கிடையாது. கியர் பெடலை மிதித்தபடியே எப்படியோ ஓரத்துக்கு இழுத்தேன். பின்னால் வந்த லோரிக்காரன் விலகியதால் இன்று எழுதுகிறேன்.

கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது அரை டம்ளர் தார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் மாற்றியிருந்தேன். போல்ட்டை ஒழுங்காக இறுக்கவில்லை, வழி நெடுகச் சொட்டியிருக்கிறது. யாரைக் குறை சொல்வது? நானும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

தம்பி, என் யோசனை 20டபிள்யூ-50 போடு. பழைய எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய்தான் சரி. ஒழுகுவதும் குறையும்.


இரவு_ஷிப்ட்_அக்கா
ஞாயிறு, காலை 7.35

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். அண்ணன் கதையைப் படித்துவிட்டு என் மோட்டாருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

ஆனால் கெட்டி எண்ணெய் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். டபிள்யூ என்றால் குளிர்காலம், அதன் முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் ஊரில் காலை ஆறு மணிக்கே வியர்க்கிறது, அதனால் அந்த எண் நமக்குப் பெரிய விஷயம் இல்லை. பின்னால் இருக்கும் எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கையேடு எந்த எண்களைச் சொல்கிறதோ அதிலிருந்து ஆரம்பி. 50 போட்டால் ஒழுகுவது கொஞ்சம் மெதுவாகும்தான். ஓட்டையை அது அடைக்காது. காரணம் என்ன என்று தெரிவதற்கு முன்னாலேயே அதை மறைத்துவிடும்.

போத்தலில் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறியீடு பின்பக்கம் இருக்க வேண்டும். கப்சாயில் (இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டாரில்) கிளட்ச் தட்டுகள் அதே எண்ணெயில்தான் நனைந்து வேலை செய்கின்றன. என் தம்பி ஒரு தடவை அப்பாவின் மைவி காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த காடி (கார்) எண்ணெயை என் மோட்டாரில் ஊற்றினான். வீணாகப் போகக் கூடாதாம். அதில் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று வழுக்கும் சரக்கு கலந்திருப்பார்கள். இரண்டு நாளில் முறுக்கினால் சத்தம்தான் வருகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. வடித்துவிட்டுச் சரியான எண்ணெய் போட்டு, மறுபடி வடித்துப் போட்ட பிறகுதான் கிளட்ச் பிடித்தது. எம்பி என்று இருந்தால் அது பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு, அதையும் கப்சாய்க்கு வாங்காதே.

தூங்கப் போகிறேன். நீ நேற்று வாங்கிய போத்தலின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்.


பிறை_பி_ஸ்டிக்கர்
ஞாயிறு, காலை 9.02

எம்ஏ என்று இருக்கிறது அக்கா. 10டபிள்யூ-30. தப்பித்தேன்.

அண்ணே, கடைக்காரப் போல்ட் கதையைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் போட்ட போல்ட் சரியாக இறுகியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னும் கொஞ்சம் முறுக்கட்டுமா?


மாக்மண்டின்_ஸ்பானர்
ஞாயிறு, காலை 9.30

கை வைக்காதே. சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் தொடு.

போல்ட் இரும்பு. அது போகும் எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். இரண்டும் சண்டை போட்டால் அலுமினியம்தான் தோற்கும். என் பெங்கேலுக்கு வந்த எஞ்சின் அடிகளில் பாதி, வீட்டில் வேலை பழகியவர்கள் மரையைத் தின்ன வைத்தவை. மீதிப் பாதி, காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய என் தொழில் நண்பர்கள் செய்தவை. மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) வைக்க வேண்டும், இல்லை ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போட வேண்டும். 25 வெள்ளி வேலை நூறைத் தாண்டிவிடும்.

நிறைய பேர் எங்கே தப்பு செய்கிறார்கள் தெரியுமா? தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்துத் தளர்த்தும்போது இல்லை. வண்டிக்கு மேலிருந்து குனிந்து கையை மட்டும் அடியில் விடும்போது. மேலே இருந்து பார்க்கும் கண்ணுக்குத் திசை தலைகீழாகிவிடும். தளர்த்துகிறேன் என்று இறுக்குவான். வரவில்லையே என்று ஸ்பானரில் குழாய் சொருகி இன்னும் இறுக்குவான். டக். முடிந்தது கதை. போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி உன்னை வைத்துக்கொள். கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் தளரும். அவ்வளவுதான்.

போடும்போது முதலில் விரலால் போடு, ஸ்பானரால் வேண்டாம். விரலில் நாலைந்து சுற்று வழுவழுவென்று போக வேண்டும். முட்டினால் கோணலாக ஏறுகிறது என்று பொருள், எடுத்துவிட்டுத் திரும்பப் போடு. அதன் வளையம், அந்த வாஷர், நசுங்கித்தான் அடைக்கிறது. ஒன்றிரண்டு வெள்ளிதான், ஒவ்வொரு தடவையும் புதுசு போடு. வாஷர் உட்கார்ந்த பிறகு 17 அளவு ஸ்பானரால் ஒரு இறுக்கு. ஹோண்டாவின் சின்ன எஞ்சின்களுக்கு 24 நியூட்டன் மீட்டர் பக்கம். டார்க் ஸ்பானர் இல்லையென்றால் ஸ்பானரின் நுனியைப் பிடிக்காதே, நடுவில் பிடி. மணிக்கட்டால் இறுக்கு, தோளால் இறுக்காதே.

இப்போது உனக்குச் செய்ய வேண்டியது: போல்ட்டைச் சுற்றி நன்றாகத் துடை. காய்ந்த துணியால். ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரி. எங்கே என்ன இருக்கிறது என்று அட்டையில் பேனாவால் எழுது: முன் சக்கரம் இந்தப் பக்கம், போல்ட் இங்கே, செயின் இங்கே. ராத்திரி முழுக்க விடு. காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று அட்டையே சொல்லும்.

எரிகிறதா என்பதற்கு வேறு சோதனை. காலையில் முதல் உதையில் நீலப் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால் வால்வு சீல். முறுக்க முறுக்கப் புகை வந்தால் பிஸ்டன் ரிங். நேற்று வந்த புகையைக் கணக்கில் எடுக்காதே, அது நீ ஊற்றிய புகை.


பெங்கேலே_போதும்
ஞாயிறு, காலை 10.10

நான் இன்னும் 25 வெள்ளிக் கட்சிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெங்கேலில் மாற்றும்போது எவ்வளவு வந்தது என்று யாராவது நமக்குச் சொல்கிறார்களா?


மாக்மண்டின்_ஸ்பானர்
ஞாயிறு, காலை 10.26

நானே சொன்னதில்லை. சட்டியில் வடியும், சட்டி டிரம்மில் கவிழும், அடுத்த மோட்டார் வரும். நல்ல கேள்வி கேட்டீர்கள், கொஞ்சம் உறுத்துகிறது.

பெங்கேலுக்குப் போவதைக் குறை சொல்ல மாட்டேன், என் சோறு அதில்தான் வந்தது. வாரண்டியில் இருக்கும் மோட்டாரைக் கட்டாயம் அவர்கள் கடைக்கே கொண்டுபோங்கள், சர்வீஸ் புத்தகத்தில் சாப் (முத்திரை) வேண்டும். ஆனால் குச்சியைப் பார்ப்பதை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. ஐந்து நிமிடம், காசு கிடையாது. மாற்றுவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. பார்ப்பது வாராவாரம்.

அப்புறம் இஎக்ஸ்5-இல் நீங்கள் கழற்றி வீசுகிற காகித பில்டர் கிடையாது. ஒரு வலையும், கிளட்ச் மூடிக்குள் சுற்றிச் சுற்றி அழுக்கை ஓரம் தள்ளுகிற ஒரு கிண்ணமும்தான். அதனால் அழுக்கில் பெரும் பங்கு பழைய எண்ணெயோடுதான் வெளியே வர வேண்டும். மாற்றுவதைத் தள்ளிப் போட்டால் அந்த எஞ்சின் மன்னிக்காது. வேறு எதையும் மன்னிக்கும். ஜப்பானில் 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வம்சம் அது, நம் வியாபாரி லோ பூன் சியூ பினாங்குக்குக் கொண்டுவந்து மலேசியா முழுக்க ஓட விட்டார். கப்சாய் என்ற பேரே அந்தக் கப்பிலிருந்து வந்ததுதான். எங்கோ போய்விட்டேன். அட்டையை விரித்தாயா தம்பி?


ஜெலுத்தோங்_ஒய்15
ஞாயிறு, மதியம் 1.15

குறுக்கே ஒரு கேள்வி. இன்று என் குச்சியைச் சரியாகப் பார்த்தேன். 200 மில்லி குறைவு, ஊற்றிவிட்டேன். ஆனால் மூடியின் உள்பக்கம் லேசாகப் பால்கோவா மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. போன வாரம் மழையில் ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, முட்டி அளவு, அதில் ஓட்டினேன்.


இரவு_ஷிப்ட்_அக்கா
ஞாயிறு, மாலை 4.20

மூடியில் மட்டும் என்றால், பக்கத்துக் கடைக்குப் போய் வருகிற சின்ன ஓட்டத்திலும் ஈரம் படிந்து அப்படி வரும், நீண்ட தூரம் ஓட்டினால் போய்விடும். குச்சியிலேயே எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இனி ஸ்டார்ட் செய்யாதே, வடித்துவிடு. 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் ஃப்ளாட்டுக் கீழே நின்ற மோட்டார்கள் பூராவும் அந்த நிறம்தான். மலிவான எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் ஓட விட்டு வடித்து, இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்த பிறகுதான் தெளிந்தது. உன் யமஹா ஒய்15 குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற எஞ்சின் என்பதால் அந்தத் தண்ணீர் அளவையும் பார்த்துவிடு. அது குறைந்திருந்தால் பிரச்சினை மழையில் இல்லை.


பிறை_பி_ஸ்டிக்கர்
திங்கள், காலை 6.05

அட்டையில் மூன்று சொட்டு. போல்ட் என்று எழுதிய இடம் காய்ந்திருக்கிறது. செயின் என்று எழுதிய பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது. காலையில் உதைத்தபோது நீலப் புகை இல்லை. இன்று பஸ்ஸில் போகிறேன்.


மாக்மண்டின்_ஸ்பானர்
திங்கள், காலை 7.12

கியர் பெடல் தண்டு எஞ்சினிலிருந்து வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல். இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் முன் பல்சக்கரத் தண்டின் சீல். இடது மூடியைக் கழற்றி, கரியைத் துடைத்து, ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பழைய இஎக்ஸ்5-களில் சகஜம். செயினுக்குப் போட்ட எண்ணெய் என்று நினைத்து மாமாவும் விட்டிருப்பார்.

சீல் விலை சில்லறைதான். ஆனால் இதை நீ தனியாகச் செய்யாதே, முதல் தடவை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். 25 வெள்ளி நண்பர் எந்தப் பெங்கேல் என்று சொன்னால் நல்லது.


பெங்கேலே_போதும்
திங்கள், காலை 8.40

தனி மெசேஜில் அனுப்பியிருக்கிறேன். என் பேரைச் சொல்லு, கூலி குறைப்பார்.


பிறை_பி_ஸ்டிக்கர்
புதன், இரவு 9.15

கியர் தண்டு சீல்தான். மாற்றியாயிற்று. சீல், கூலி எல்லாம் சேர்த்து 20 வெள்ளி. பழைய எண்ணெயையும் போத்தலோடு அங்கேயே கொடுத்துவிட்டேன். லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றத்தான் இருந்தேன். நல்ல வேளை, வாயைத் திறந்து கேட்டேன். அது அட்டவணைக் கழிவாம் (கண்ட இடத்தில் கொட்டக் கூடாத ஆபத்தான கழிவு), எஸ்டபிள்யூ 305 என்று எண்ணே இருக்கிறதாம், லைசன் உள்ளவர்கள் வந்து டிரம்மில் எடுத்துப் போவார்களாம்.

இரண்டு நாள் பாலம் ஏறிவிட்டு இப்போது டபுள் ஸ்டாண்ட் போட்டு, திருகாமல் பார்த்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. அட்டை காய்ந்திருக்கிறது.


மாக்மண்டின்_ஸ்பானர்
புதன், இரவு 9.31

நல்லது. அட்டையை வீசாதே, ஞாயிற்றுக்கிழமை மறுபடி விரி. சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்த 300-ஐயும் போத்தலில் மூடி வை. குறைந்தால் ஊற்ற அதுதான்.

செயினுக்கு எண்ணெய் போட்டாயா?


பிறை_பி_ஸ்டிக்கர்
புதன், இரவு 9.33

அதற்கும் போடணுமா அண்ணே?